டீக்கடை ஃபிரான்சைஸ்: நடுவில் மூடினால் என்ன ஆகும்?

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து ஆர்டர் குறைந்து, சம்பளம் பாதியாகிவிட்டது. அதனால் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு டீக்கடை ஃபிரான்சைஸ் (ஒரு பிராண்டின் பெயரில் கடை நடத்தும் உரிமை) எடுக்கப் பார்க்கிறேன்.

கட்டணம் 4 லட்சம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. கடை வேலை, மிஷின் எல்லாம் 6 லட்சம். பிராண்டுக்காரர்களுக்குத் தொடர்ந்து கட்டும் ராயல்டி 5 சதவீதம், அதுவும் லாபத்தில் இல்லை, மொத்த விற்பனையில். நஷ்டத்தில் ஓடினாலும் கட்டியாக வேண்டும். ஒப்பந்தம் 5 வருடம். நடுவில் மூடினால் கட்டணம் திரும்பாது, மீதி மாதங்களுக்குக் குறைந்தபட்ச ராயல்டியும் கேட்பார்களாம். இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மற்ற கிளைகளின் விற்பனைக் கணக்கைக் கேட்டேன், தரவில்லை. இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தத்தில் இருப்பதுதான் பேசும் என்றார் வக்கீல். ஏற்கெனவே நடத்துகிறவர்களில் ஈரோட்டுக்காரர் நன்றாகப் போகிறது என்றார், சேலத்துக்காரர் வாடகைக்கே சரியாகிறது என்றார். முத்ரா கடன் கேட்டால், வங்கியில் கையெழுத்தான ஒப்பந்தத்தைக் கொண்டு வரச் சொல்கிறார்கள்.

கையெழுத்துக்கு முன்பே பேசி, இந்த வெளியேறும் விதியை மாற்றி எழுதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எப்படி மாற்றினீர்கள்?