கவனக்குறைவு என்று எழுதிய கொப்பி

உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு முதல் தடவை எனக்கு ‘எஸ்’ வந்தது, சித்திகளில் ஆகக் குறைந்தது. வீட்டில் யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. டச்பே கடற்கரையில் போய் உட்கார்ந்து, பத்து வருடக் கடந்தகால வினாத்தாள் செய்தும் ஏன் இப்படி என்று யோசித்தேன்.

செய்தேன் என்றால், விடைகள் உள்ள புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துத்தான். இரண்டு வரி எழுதுவேன், எட்டிப் பார்ப்பேன், ‘ஓம், இது தெரியும்தானே’ என்று அடுத்ததுக்குப் போவேன்.

இரண்டாம் தடவைக்குப் படிக்கும்போது ரியூசன் சேர் என் பழைய கொப்பிகளைக் கேட்டார். பிழைத்த இடமெல்லாம் சிவப்புப் பேனையால் ‘கவனக்குறைவு’ என்று எழுதி வைத்திருந்தேன்.

“இதென்ன, எல்லா வருத்தத்துக்கும் பனடோல் மாதிரி? இந்தச் சொல்லை இனி எழுதக்கூடாது” என்றார்.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் என்ன பிழை என்று எழுதியே ஆகவேண்டும். அப்போதுதான் தெரிந்தது, தொகையீட்டில் (integration) பிரதியீடு செய்து மாறியை மாற்றிய பிறகும் பழைய எல்லைகளையே போட்டிருக்கிறேன். மூன்று தாளில் இதே கதை! 0 முதல் 2 பை வரை சைன் வளையிக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பைக் கேட்டால், அப்படியே தொகையிட்டுப் பூச்சியம் என்று முடித்திருக்கிறேன். பாதி வளையி அச்சுக்குக் கீழே கிடக்கிறது, அது மறையாக வந்து மேல்பாதியை வெட்டிவிடுகிறது. மேலே 2, கீழே 2, பரப்பு 4. ஒரு படம் கீறியிருந்தால் போதும். அதற்குப் பிறகு படம் கீறாமல் பரப்புக் கணக்கைத் தொடுவதில்லை, புதிய எல்லைகளை எழுதாமல் பிரதியீட்டில் அடுத்த வரிக்குப் போவதில்லை.

நேரமும் ஒரு பிரச்சினை. மூன்று மணித்தியாலத்துக்கு 1000 புள்ளி என்றால், 25 புள்ளிக் கேள்விக்கு நாலரை நிமிடம்தான். நான் ஒன்றோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டியிருந்தேன்.

இரண்டாம் தடவை ‘பி’. ஏ இல்லைதான், சரி.

•

இதை வாசித்த ஒரு மாணவரின் பதில்: அண்ணா, நானும் பிழைக் கொப்பி வைத்திருந்தேன். மூன்று நிறப் பேனை, அடிக்கோடு, சரியான விடை எல்லாம் வடிவாக இருக்கும். ஒருநாளும் திரும்பத் திறக்கவில்லை. இப்போது பிழைத்த கேள்வியை மட்டும் துண்டில் எழுதி, விடை இல்லாமல் பிஸ்கட் டின்னுக்குள் போடுகிறேன். இரண்டு கிழமை கழித்து தங்கச்சி ஒன்றை எடுத்துத் தருவாள். நேற்று அவள் எடுத்தது உங்கள் சைன் பரப்புக் கணக்கேதான். எனக்கும் முதலில் பூச்சியம்தான் வந்தது.