ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்: டியூனிங் பாக்ஸ் போட்ட வண்டிக்கு கியர்பாக்ஸை வலுப்படுத்த எங்கே தொடங்குவது?

அரியாங்குப்பம் படகு:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 டீசல், 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். கம்பெனி கணக்கில் 204 பிஎஸ், டார்க் (முறுக்குவிசை) 500 நியூட்டன் மீட்டர். வண்டியின் வேலையே ஃபைபர் படகு இழுப்பதுதான். புதுச்சேரியில் தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து அங்கேயே உள்ள மேட்டுப்பாளையம் பட்டறைக்கு அடிக்கடி, காரைக்காலுக்கு அவ்வப்போது. படகு, அவுட்போர்டு இன்ஜின், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்தால் 2 டன்னுக்குக் குறையாது.

போன வருடம் இழுவையைக் கூட்ட ஒரு டியூனிங் பாக்ஸ் (இன்ஜின் வயரிங்கில் செருகும் சின்ன எலக்ட்ரானிக் பெட்டி) வாங்கிப் போட்டேன். 600 நியூட்டன் மீட்டரைத் தாண்டும் என்று விற்றவர் சொன்னார். இழுவை நன்றாகவே கூடியது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கொஞ்ச நாளாக, லோடோடு கொள்ளிடம் பாலத்துக்கு ஏறும்போது 5-வது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால், கியர் மாறாமலேயே ஆர்பிஎம் மட்டும் இருநூறு முந்நூறு ஏறுகிறது. வேகம் ஏறுவதில்லை. காலை எடுத்தால் பழையபடி ஆகிவிடுகிறது. படகைத் தண்ணீரிலிருந்து மேலே இழுத்து நிறுத்தியதும் வண்டிக்கு அடியில் கருகிய வாடை அடிக்கிறது. டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை.

ஆஸ்திரேலியாவில் இந்த கியர்பாக்ஸுக்கு ஹெவி டியூட்டி டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்துவது), மாற்றியமைத்த வால்வ் பாடி (கிளட்சுகளுக்கு ஆயில் அழுத்தத்தைப் பிரித்து அனுப்புவது) எல்லாம் கிடைக்கிறதாம். இரண்டையும் ஒரே தடவையில் வரவழைத்து மாட்டிவிடலாமா? நம்ம பக்கம் இந்த வேலை தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நெய்வேலி வி-க்ராஸ்:

அண்ணே, நான் இசுஸு வி-க்ராஸ் 1.9 ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறேன். 163 பிஎஸ், 360 நியூட்டன் மீட்டர்தான், உங்கள் வண்டியோடு ஒப்பிட முடியாது. ஆனால் பலா சீசனில் பண்ருட்டியிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வெயிலில் ஊர்ந்து வந்தால் கியர்பாக்ஸ் சூடு எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும். முன் பக்கம் ஏசி கண்டென்சருக்கு முன்னால் தனியாக ஒரு ஆயில் கூலர் வைத்தேன். நல்ல வித்தியாசம் தெரிந்தது. வேறு எது வாங்கினாலும் அதற்கு முன்னால் கூலர் வையுங்கள்.

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த மாதிரி பாக்ஸைத்தான். யோசித்துக்கொள்ளுங்கள்.

முதுநகர் கியர்பாக்ஸ்:

தம்பி, கன்வர்ட்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் பொறுமையாகப் படி. நான் மஸ்கட்டில் பிக்கப், லேண்ட் க்ரூஸர் கியர்பாக்ஸ்களைப் பிரித்துக் கோத்துவிட்டு, இப்போது கடலூர் முதுநகரில் ஆட்டோமேட்டிக் வேலை மட்டும் பார்க்கிறேன். நீ எழுதியிருப்பது எனக்குப் பழகிய கேஸ்.

ஆர்பிஎம் மட்டும் ஏறுவது பெரும்பாலும் லாக்-அப் கிளட்ச் வழுக்குவதுதான். கன்வர்ட்டருக்குள் இன்ஜின் பக்கம் ஒரு விசிறி, கியர்பாக்ஸ் பக்கம் ஒரு விசிறி. முதலாவது எறியும் ஆயில் இரண்டாவதைச் சுற்றிவிடுகிறது. இரண்டுக்கும் வேகம் ஒன்றாக இருக்காது, அந்த வித்தியாசத்தில் வீணாகும் சக்தி முழுக்கச் சூடாகி ஆயிலில் இறங்குகிறது. வண்டி வேகம் எடுத்ததும் லாக்-அப் கிளட்ச் அந்த இரண்டையும் பிடித்து ஒன்றாக்க வேண்டும். உன் வண்டியில் அது பிடிக்கப் பார்க்கிறது, பிடி போதவில்லை.

ஏன் போதவில்லை என்பதற்கு உன் டியூனிங் பாக்ஸைப் பார். பொதுவாக இந்தப் பாக்ஸ்கள் ரெயில் பிரஷர் (இன்ஜினுக்குப் போகும் டீசலின் அழுத்தம்) சென்சார் வயரில் உட்கார்ந்துகொண்டு, உள்ளதைவிடக் குறைவான பிரஷரை இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் காட்டும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பிரஷரை ஏற்றும். டீசல் கூடுதலாகப் போகும், இழுவை வரும். ஆனால் கம்ப்யூட்டரின் கணக்கில் இன்ஜின் இன்னும் பழைய டார்க்கைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் அது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கும் சொல்லும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கிளட்சையும் எவ்வளவு ஆயில் அழுத்தத்தில் பிடிப்பது என்பதை கியர்பாக்ஸ் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறது. 600 வருகிற இடத்தில் 500-க்கான பிடிதான் கிடைக்கிறது. விளக்கு எரியாததற்கும் காரணம் இதுதான்: அந்தக் கம்ப்யூட்டர்களைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

இந்த நிலையில் பெரிய கன்வர்ட்டர் மாட்டினால் என்ன ஆகும்? லாக்-அப் பிடித்துக்கொள்ளும். சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கியர் கிளட்சுகளுக்கு அதே குறைந்த அழுத்தம்தான். அடுத்து வழுக்கப் போவது அவை. கன்வர்ட்டரைக் கழற்றி மாற்றுவதோடு முடிகிற வேலை அப்போது முழு கியர்பாக்ஸையும் பிரிக்கிற வேலை ஆகிவிடும். கம்பெனியே எப்படி அளந்து கொடுத்திருக்கிறது பார்: இதே இன்ஜினுக்கு மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. கியர்பாக்ஸும் டார்க்கும் ஒன்றோடொன்று பேசி வைத்த கணக்கு அது. பாக்ஸ் அந்தப் பேச்சை நடுவில் அறுத்துவிடுகிறது.

அதனால் முதலில் டியூனிங் பாக்ஸைக் கழற்று. சாமான் வாங்குவது அப்புறம்.

கழற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரு அளவு எடு. டொயோட்டாவின் லைவ் டேட்டா காட்டும் ஸ்கேனர் யாரிடமாவது வாங்கிக்கொள். மூன்று எண் போதும்: இன்ஜின் ஆர்பிஎம், என்டி என்று வரும் டர்பைன் (கன்வர்ட்டரில் கியர்பாக்ஸ் பக்கத்து விசிறி) வேகம், கியர்பாக்ஸ் ஆயில் சூடு. லாக்-அப் ஆகியிருக்கும்போது முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் வித்தியாசத்தைக் கம்பெனியே வேண்டுமென்று விட்டிருக்கும், அதிர்வு தெரியாமல் இருக்க, அதற்குப் பயப்படாதே. இன்ஜின் ஆர்பிஎம் ஏறி என்டி அப்படியே நின்றால் கன்வர்ட்டர் லாக்-அப். இரண்டும் சேர்ந்து ஏறி வண்டி வேகம் மட்டும் நின்றால் உள் கிளட்ச். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் எந்தச் சாமானும் வாங்கக் கூடாது. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அவரைப் பார்க்கச் சொல், ஓட்டிக்கொண்டே பார்க்காதே.

சூடு பற்றியும் சொல்கிறேன். 80 முதல் 95 டிகிரி வரை கவலையே வேண்டாம். 100-ஐத் தாண்டிச் சிறிது நேரம் இருந்தாலும் பெரிய கேடு இல்லை. 120-ஐத் தொட்டால் ஓரமாக நிறுத்தி நியூட்ரலில் ஐடிலில் விடு. இன்ஜினை அணைத்துவிடாதே, ஆயில் கூலருக்குப் போய் வந்தால்தான் ஆறும். சூடு ஏற ஏற ஆயிலின் ஆயுள் மளமளவென்று குறையும்; ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதி என்று தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்.

படகு இழுத்த பிறகு கருகிய வாடை வருகிறது என்றாயே, அதற்கு நீ செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. துறைமுகச் சரிவிலும் தேவனாம்பட்டினம் மாதிரி மணலிலும் படகை மேலே இழுக்கும்போது 4எல் (நாலு சக்கர இழுவை, லோ ரேஞ்ச்) போடு. நிறைய பேர் 4எச் (நாலு சக்கர இழுவை, ஹை ரேஞ்ச்) போட்டு மிதிக்கிறார்கள். அந்த வேகத்தில் லாக்-அப் வராது, கன்வர்ட்டர் முழுக்க நழுவிக்கொண்டு கொதிக்கும். 4எல்லில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) வேகத்தை இன்னும் இரண்டரை மடங்கு குறைத்துக் கொடுப்பதால், அதே படகு கன்வர்ட்டருக்கு லேசாகத் தெரியும். சரிவு ஏறி முடித்து கெட்டித் தரைக்கு வந்ததும் மறக்காமல் 2எச்சுக்கு (இரண்டு சக்கர இழுவை) வந்துவிடு. ரோட்டில் லோடோடு போகும்போது எஸ் மோடில் (கியரை நாமே தேர்ந்தெடுக்கும் நிலை) 4-ஐப் பிடித்து ஓட்டு. 4 நேர் கியர் (உள்ளே வரும் வேகமே வெளியே போகும்), 5-ம் 6-ம் ஓவர்டிரைவ் (வெளியே வேகம் கூடி இழுவை குறையும்). டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும், ஆகட்டும்.

கூலர் பற்றி நெய்வேலிக்காரர் சொன்னது சரி. தட்டுத் தட்டாக அடுக்கிய வகை வாங்கு, வெறும் குழாயை வளைத்துத் துடுப்பு ஒட்டிய வகை வேண்டாம். கம்பெனி கூலரைக் கழற்றாதே, ஆயில் அதில் போய்விட்டுப் பிறகு புதியதற்கு வரட்டும். டீசல் ஹோஸைப் போட்டு ஒப்பேற்றாமல், ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) சூட்டைத் தாங்கும் ஹோஸ் போடு. உன் வண்டி உப்புக் காற்றிலேயே நிற்பது, ஆகையால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கூலரை மெதுவாகக் கழுவு. பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் துடுப்பெல்லாம் மடங்கிக் காற்றே போகாது.

அரியாங்குப்பம் படகு:

அண்ணே, சொன்ன மாதிரியே அளவு எடுத்துவிட்டேன். தம்பியை ஸ்கேனரோடு பக்கத்தில் உட்கார வைத்து அதே படகு, அதே பாலம்.

பாக்ஸ் இருக்கும்போது 80 வேகத்தில் 5-வது கியரில் மிதித்தால் இன்ஜின் 1,750, என்டி 1,500-க்குப் பக்கத்தில். பாக்ஸைக் கழற்றிய பிறகு அதே இடத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 30, 40தான். துறைமுகச் சரிவில் 4எச்சில் 118 டிகிரி வரை போனது. 4எல்லில் 100-ஐத் தொடவில்லை, கருகிய வாடையும் வரவில்லை.

பாக்ஸ் இல்லாமல் இழுவை குறைவாகத்தான் தெரிகிறது. எனக்கு அந்த இழுவை வேண்டும். முறையாக ரீமேப் (கம்ப்யூட்டரின் புரோகிராமையே மாற்றி எழுதுவது) செய்தால் கியர்பாக்ஸ் தாங்குமா?

ஹூஸ்டன் கடலூரான்:

ஊர் பேரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் திருப்பாதிரிப்புலியூர்க்காரன், இங்கே ராம் 2500 வைத்திருக்கிறேன். 6.7 லிட்டர் கம்மின்ஸ், 68ஆர்எஃப்இ ஆட்டோமேட்டிக். 850 பவுண்ட்-அடி, உங்கள் கணக்கில் 1,150 நியூட்டன் மீட்டர். 2019-ல் இதே இன்ஜினை 1,000 பவுண்ட்-அடிக்கு ஏற்றியபோது கம்பெனி இந்த கியர்பாக்ஸை அதற்குக் கொடுக்கவில்லை, ஐசின் என்ற கம்பெனியுடைய கனமான கியர்பாக்ஸைத்தான் வைத்தது. 2025 மாடலில் இரண்டையும் எடுத்துவிட்டு 8 ஸ்பீடுக்குப் போய்விட்டார்கள்.

இங்கே டார்க்கை ஏற்றுகிறவர்கள் மூன்று தட்டு லாக்-அப் உள்ள கன்வர்ட்டர், முழு இரும்பிலிருந்து கடைந்தெடுத்த இன்புட் ஷாஃப்ட் (கன்வர்ட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குள் சக்தி கொண்டுபோகும் தண்டு), வால்வ் பாடி, கூடுதல் கிளட்ச் தட்டு என்று முழு செட்டாகத்தான் போடுகிறார்கள். கன்வர்ட்டர் கெட்டியாகப் பிடித்துவிட்டால் அதுவரை வழுக்கலில் கரைந்த அதிர்ச்சி நேராக ஷாஃப்ட்டுக்குப் போகிறது. பழைய கம்மின்ஸ் வண்டிகளில் இன்புட் ஷாஃப்ட் முறிவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முதுநகர் அண்ணன் சொல்வதுதான் இங்கேயும் நடைமுறை: ஒன்றை மட்டும் வலுவாக்கினால் அடுத்தது போகும். டிபிஎஃப்பை (சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) எடுத்துவிட்டு டியூன் செய்து தருகிறேன் என்று எவராவது வந்தால் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். இங்கே அது சட்ட விரோதம், அங்கே பிஎஸ்6 வண்டிக்கும் அதுதான் நிலைமை.

முதுநகர் கியர்பாக்ஸ்:

நன்றி ஹூஸ்டன் தம்பி. ஷாஃப்ட் விஷயத்தை நானே எழுத நினைத்திருந்தேன்.

படகுத் தம்பி, உன் எண்கள் நல்ல செய்தி. பாக்ஸ் இல்லாமல் லாக்-அப் பிடிக்கிறது, ஆகவே கிளட்சில் இன்னும் உயிர் இருக்கிறது. எவ்வளவு மீதி என்பதை சம்ப்பை (கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் தங்கும் தட்டு) கழற்றினால்தான் சொல்ல முடியும். உள்ளே காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் மை மாதிரி மெல்லிய சாம்பல் பசை இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் தேய்க்கும்போது நெருடினாலோ, பளபளவென்று துகள் தெரிந்தாலோ உள்ளே இரும்பு தேய்கிறது. சம்ப் அடியில் கருப்பாகப் பொடி தங்கியிருந்தால் அது கிளட்ச் லைனிங் (கிளட்ச் தட்டின் பிடிமானப் பூச்சு). ஆயில் சிவப்பு போய் காபி நிறம் வந்து கருகிய வாடை அடித்தாலும் லைனிங்தான் போயிருக்கிறது.

பசை மட்டும் என்றால் ஃபில்டர் மாற்றி டபிள்யூஎஸ் (டொயோட்டாவின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் வகை) ஆயில் புதிதாக ஊற்றுவோம். ஒரு தடவை இறக்கினால் முழு ஆயிலும் வராது, கன்வர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். அதனால் கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி இறக்கி ஊற்ற வேண்டும். மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்ய விடாதே. இந்த வண்டியில் டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியைச் சமதளத்தில் வைத்து, இன்ஜின் ஓட, கையேட்டில் சொன்ன சூட்டில் ஓவர்ஃப்ளோ போல்ட்டைக் கழற்றிப் பார்த்து அளவு வைக்க வேண்டும். அதிகச் சூட்டில் பார்த்தால் விரிந்த ஆயில் வெளியே ஓடி, ஆறிய பிறகு அளவு குறைந்து நிற்கும். ஆயில் மாற்றிய பிறகு கியர் வழுக்குகிறது என்று என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறுதான்.

ரீமேப் பற்றிக் கேட்டாய். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குக் கூடுதல் டார்க் உண்மையாகவே தெரியும்படி, இரண்டு கம்ப்யூட்டரையும் சேர்த்து எழுதத் தெரிந்தவர் செய்தால் பாக்ஸைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் 2 டன் படகை இழுக்கும் வண்டியில் கம்பெனி கன்வர்ட்டரை வைத்துக்கொண்டு நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். உனக்கு 600 கட்டாயம் வேண்டும் என்றால் கன்வர்ட்டர், வால்வ் பாடி, கூலர், ரீமேப் நான்கும் ஒன்றாகத்தான். அதற்கு முன் ஆர்டிஓவிடமும் இன்சூரன்ஸிலும் பேசிவிட்டு வா. வால்வ் பாடியில் அழுத்தத்தை ஏற்று ஏற்று என்று ஏற்றித் தரச் சொல்லிக் கேட்காதே. ஒவ்வொரு கியருக்கும் முதுகில் அறைவதுபோல் விழும், பம்ப்பும் அதிகம் சூடாகும்.

என்னைக் கேட்டால் கூலரும் 4எல்லும் கம்பெனி டார்க்கும் உன் வேலைக்குப் போதும். அதில் ஒரு சீசன் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்.

சனிக்கிழமை ட்ரெய்லர் இல்லாமல் வண்டியைக் கொண்டு வா. காலையில் வந்து உடனே வேலை தொடங்க முடியாது, சம்ப் ஆற வேண்டும். வெள்ளி இரவே பட்டறையில் நிறுத்திவிட்டுப் போய்விடு. ஆயிலும் ஃபில்டரும் நீயே டொயோட்டா பார்ட்ஸ் கவுன்டரில் வாங்கிக்கொண்டு வா, சேசிஸ் நம்பரைச் சொல்லி வாங்கு. சம்ப் கேஸ்கட்டையும் சேர்த்துக் கேள், பழையதையே திரும்பப் போட மாட்டேன்.