வாக்கனா, ஹாஃப்லியா? 'தி வெஸ்ட் விங்' தொடரில் யார் சரியான சபாநாயகர்

கரிசல்காடு:
ஏழு பருவம் ஓடிய 'தி வெஸ்ட் விங்' என்ற அமெரிக்க அரசியல் தொடரில், குடியரசுக் கட்சிக்காரர்களிலேயே க்ளென் ஆலன் வாக்கனுக்கு நிகர் யாரும் இல்லை என்பது என் கட்சி. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: ஜனநாயகக் கட்சி அதிபர் பார்ட்லெட்டின் மகள் ஸோயி கடத்தப்படுகிறாள். துணை அதிபர் ஹாய்ன்ஸ் கொஞ்ச நாள் முன்புதான் ஒரு விவகாரத்தில் சிக்கி ராஜினாமா செய்திருக்கிறார், அந்த நாற்காலி காலி. மகளின் உயிர் ஊசலாடும்போது ஒரு அப்பன் நாட்டுக்காக முடிவெடுக்க முடியாது என்று பார்ட்லெட் அதிகாரத்தையே எழுதிக் கொடுத்துவிடுகிறார், அதுவும் எதிர்க்கட்சி சபாநாயகரான வாக்கனிடம். வாக்கனாக நடிக்கும் ஜான் குட்மேன் அந்த அறைக்குள் வந்து நின்றதும் இனி இந்த வீடு இவருடையது என்று நமக்கே தோன்றிவிடும். அதற்காக அவர் சபாநாயகர் பதவியையும் உறுப்பினர் பதவியையும் சேர்த்தே விட வேண்டியிருந்தது. பார்ட்லெட் நாளைக்கே திரும்பி வரலாம், ஆனால் தனக்கு எதுவும் திரும்பி வராது என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பின்னால் சபாநாயகராக வந்த ஹாஃப்லி இவர் கால்தூசிக்கு வருவாரா?

கொறடா:
கைதட்டி முடித்துவிட்டீர்களா? இப்போது அந்த மனிதர் என்னதான் செய்தார் என்று பார்ப்போம். பதவிக்கு வந்த கையோடு கூமர் மீது குண்டு போடச் சொன்னார் (தொடருக்காகக் கற்பனை செய்த நாடு அது). மகள் கிடைத்ததும் பார்ட்லெட் திரும்பி வந்தார், இவர் போய்விட்டார். இதில் சபாநாயகர் வேலை எங்கே இருக்கிறது? ஒரு மசோதாவுக்கு ஓட்டுச் சேர்த்தாரா, முரண்டு பிடித்த உறுப்பினரைச் சமாதானம் செய்தாரா, ஒரு குழுவையாவது வழிக்குக் கொண்டுவந்தாரா? அமெரிக்க சபாநாயகர் நம்மூர் சபாநாயகர் மாதிரி கட்சியை வாசலில் விட்டுவிட்டு வருவதாகப் பாவனை செய்பவர் இல்லை. பெரும்பான்மைக் கட்சியின் தலைவரே அவர்தான். அந்த வேலையை விட்ட பிறகுதான் வாக்கன் நம் மனதில் நிற்கிறார் என்றால், நீங்கள் ரசிப்பது ஒரு தற்காலிக அதிபரை.

கரிசல்காடு:
குண்டு போட்டதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த வினையை விதைத்தவர் பார்ட்லெட்தானே? கூமரின் பாதுகாப்பு அமைச்சர் ஷரீஃபைக் கொல்ல ரகசிய உத்தரவு போட்டது யார்? மூன்றாம் பருவக் கடைசியில் நடந்தது அது. வாக்கன் வந்தது அடுத்தவர் பற்ற வைத்த வீட்டுக்குள். இதை மறந்துவிட்டு அவர் ஒருவரை மட்டும் போர்வெறியர் ஆக்காதீர்கள்.

ஷரத்து:
நடுவில் வருகிறேன். அந்தக் கைமாற்றமே சட்டப்படி கொஞ்சம் இடிக்கிறது. தொடரில் எல்லோரும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 25ஆவது திருத்தம், மூன்றாம் பிரிவு என்கிறார்கள். 1967இல் நடைமுறைக்கு வந்த அந்தப் பிரிவு அதிகாரத்தைத் துணை அதிபரிடம் கொடுப்பதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது, சபாநாயகர் என்ற பேச்சே அதில் கிடையாது. நிஜத்திலும் 1985இல் ரீகன், 2002இலும் 2007இலும் புஷ், 2021இல் பைடன் என்று பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் மருத்துவச் சிகிச்சைக்காகச் சில மணி நேரம், அதுவும் துணை அதிபரிடம்தான். துணை அதிபரே இல்லாதபோது கை கொடுப்பது 1947 வாரிசுச் சட்டம். சபாநாயகர் இரண்டு பதவிகளையும் துறந்த பிறகே அதிபராகச் செயல்படலாம் என்பது அதில்தான் இருக்கிறது. ஆக, கரிசல்காடு சொல்லும் தியாகம் சட்டம் போட்ட நிபந்தனை. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழி இருந்தது என்பது வேறு விஷயம்.

இது வெறும் கற்பனை என்றும் நினைக்க வேண்டாம். 1973 அக்டோபர் 10 அன்று துணை அதிபர் ஆக்னியூ விலகினார், டிசம்பர் 6 அன்றுதான் ஃபோர்டு பதவியேற்றார். அதிபர் நிக்சனைச் சுற்றிய வாட்டர்கேட் ஊழல் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த அந்த இடைவெளி முழுவதும் நிக்சனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் எதிர்க்கட்சிக்காரரான சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட். சட்டமன்றத் தலைவர்களை இந்த வரிசையில் வைக்கவே கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான மேடிசன் 1792இலேயே வாதாடியிருக்கிறார். இந்தியாவில் அந்தத் தொல்லை இல்லை. ஜாகிர் உசேன் இறந்து, வி.வி. கிரியும் விலகியபோது 1969இல் குடியரசுத் தலைவர் பொறுப்பைப் பார்த்தது தலைமை நீதிபதி ஹிதயதுல்லா.

மாடிவீட்டு மணி:
தொடரைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன், தேர்வுக்குத் தயார் செய்துவிடுவீர்கள் போலிருக்கிறதே.

கொறடா:
ஷரத்து சொன்னதே எனக்குப் போதும். சரி, ஹாஃப்லிக்கு வருகிறேன். அவரை எல்லோரும் வில்லன் என்கிறீர்கள். துணை அதிபராக வெளியுறவு அமைச்சர் பெர்ரிஹில்லை நியமிக்க பார்ட்லெட் ஆசைப்பட்டார், ஹாஃப்லி தரப்பு விடவில்லை, கடைசியில் பாப் ரஸ்ஸல்தான் வந்தார். அடுத்த தேர்தலில் பலமாக நிற்கக்கூடிய ஒருவரை எதிர்க்கட்சி தன் கையாலேயே வளர்த்துவிடுமா என்ன? அதைத் தடுத்தது முழுக்கச் சபாநாயகர் வேலை. பிறகு பட்ஜெட் சண்டை. ஒரு சதவீத வெட்டு என்று பேசி வைத்திருந்ததை மூன்று ஆக்கினார், பார்ட்லெட் மறுத்தார், அரசாங்கம் முடங்கியது. அப்புறம் அந்தப் புகழ்பெற்ற நடை. பார்ட்லெட் பாதி வழியில் காரை விட்டு இறங்கி நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலுக்கு நடந்தே போகிறார், ஹாஃப்லி ஆட்கள் உள்ளே கூடிக் குழம்பிக்கொண்டு அவரை வெளியே காக்க வைக்கிறார்கள், அவர் எழுந்து போய்விடுகிறார். ஹாஃப்லியை முட்டாளாக்கியது பார்ட்லெட் இல்லை, தொடரின் எழுத்தாளர்கள். இவ்வளவு கணக்குப் போடுகிற அரசியல்வாதி, வாசலில் கேமராக்களோடு அதிபர் உட்கார்ந்திருக்கும்போது கதவைத் திறக்கத் தெரியாமல் இருப்பாரா?

கரிசல்காடு:
ஏன் இருக்கமாட்டார்? நிஜ சபாநாயகர் நியூட் கிங்ரிச் இருந்தாரே! 1995 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் ரபினின் இறுதிச்சடங்குக்குப் போய்த் திரும்பிய விமானத்தில் அதிபர் கிளிண்டன் தன்னோடு பேசவில்லை, பின்வாசல் வழியாக இறக்கிவிட்டார்கள் என்று பத்திரிகையாளர்களிடமே புலம்பி, செலவு மசோதாவில் முறுக்கிக்கொண்டு அரசாங்கத்தை முடக்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார். மறுநாள் பத்திரிகை அவரை அழுகிற குழந்தையாக அட்டையில் வரைந்தது. அதோடு நிற்காமல் டிசம்பர் 16 முதல் ஜனவரி 6 வரை இன்னொரு முடக்கம், 21 நாள். அவர் ஒன்றும் கணக்குத் தெரியாதவர் இல்லை, 40 வருடத்துக்குப் பிறகு அந்தச் சபையைத் தன் கட்சிக்கு வென்று கொடுத்தவர். அப்பேர்ப்பட்டவரே சறுக்கினார். ஹாஃப்லிக்குக் கதவு திறக்கத் தெரியாமல் போனதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

அதை விடுங்கள். ஒரு சதவீதம் என்று பேசிவிட்டுக் கடைசி நேரத்தில் மூன்று என்பவரிடம் அடுத்த முறை யார் பேரத்துக்கு உட்காருவார்கள்? ஓட்டுச் சேர்ப்பதுதான் தலைவர் வேலை என்கிறீர்களே, சொன்ன சொல் நிற்காவிட்டால் எதை வைத்துச் சேர்ப்பது?

கொறடா:
அவருடைய உறுப்பினர்கள் ஒன்றுக்குச் சம்மதிக்காமல் இருந்திருக்கலாம். சபாநாயகர் நாற்காலியைத் தாங்குவதே அவர்கள் ஓட்டுதான், எதிரில் இருக்கும் அதிபரின் நல்லெண்ணம் இல்லை. வாக்கனுக்கும் அதே கூட்டம்தானே பின்னால் இருந்தது?

கரிசல்காடு:
அதே கூட்டம்தான். வாக்கனும் வெட்டு கேட்டிருப்பார், கட்சிக் கொள்கை அது. ஆனால் மூன்று வேண்டும் என்றால் முதல் நாளே மூன்று என்றிருப்பார்.

கொறடா:
அப்படி அவர் பேரம் பேசிய காட்சி ஒன்று காட்டுங்கள், போதும். ஐந்தாம் பருவத்தில் ஒரு முன்னாள் அதிபரின் இறுதிச்சடங்குக்காக அவரை மறுபடி அழைத்து வந்தார்களே, அங்கேயும் அவர் பழைய அதிபர்கள் கணக்கில்தான் உட்கார்ந்திருந்தார்.

மாடிவீட்டு மணி:
அந்தப் பகுதி எத்தனையாவது? அதையாவது யாராவது சொல்லுங்கள், பார்த்துவிட்டு வந்து நானும் சண்டை போடுகிறேன்.

ஷரத்து:
ஐந்தாம் பருவம், பத்தாவது.