வகுப்பில் வராத கேள்விகள்: செங்டுவில் ஓர் இயற்பியல் ஆசிரியரின் அனுபவம்

சீனாவில் பாடம் நடத்தும் வெளிநாட்டு ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு பேச்சு கட்டாயம் வரும்: "பிள்ளைகள் வாயே திறப்பதில்லை." கூச்சம் என்பார் ஒருவர், மனப்பாடப் படிப்பு என்பார் இன்னொருவர், ஆங்கிலம் போதவில்லை என்பார் மூன்றாமவர். நான் சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டுவில், ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியின் சர்வதேசப் பிரிவில் ஏ லெவல் (நம் பிளஸ் டூ போன்ற பிரிட்டிஷ் பாடத்திட்டம்) இயற்பியல் நடத்துகிறேன். சொந்த ஊர் மதுரைப் பக்கம். இங்கே இருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது வேறு. இந்தப் பிள்ளைகள் நிறையக் கேட்கிறார்கள். நாம் காத்திருக்கும் இடத்தில் கேட்பதில்லை, அவ்வளவுதான். எங்கே கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் இந்த வேலை மிகவும் பிடித்துப்போகும். அது தெரியாமலேயே ஒரு வருட ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஆசிரியர்கள். அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் வகுப்பறை. பாடவேளை தொடங்கும்போது ஒலிபெருக்கியில் சின்ன இசை வரும், அதுதான் மணி. வகுப்புத் தலைவன் குரல் கொடுத்ததும் எல்லோரும் எழுந்து "லாவ்ஷி ஹாவ்" என்று ஒரே குரலில் வணக்கம் சொல்வார்கள்; லாவ்ஷி என்றால் ஆசிரியர். ஒவ்வொரு மேசையிலும் புத்தக அடுக்கு, பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முகம் பாதிதான் தெரியும். பாடத்தை முடித்து "யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்றால் ஒரு சத்தமும் இருக்காது. பெயர் சொல்லி அழைத்தால் எழுந்து நிற்பார்கள். விடை முழுக்கச் சரி என்று தெரிந்தால் சொல்வார்கள், இல்லையென்றால் நின்றுகொண்டே இருப்பார்கள். அப்போது பக்கத்து மேசையிலிருந்து விடை மெல்ல முணுமுணுப்பாக வரும். அந்த உதவி எனக்குப் பிடிக்கும், நான் தடுப்பதில்லை.

பாடவேளை முடிகிற இசை வந்ததும் காட்சி மாறும். பத்து நிமிட இடைவேளை. தண்ணீர் பிடிக்க ஓடுபவர்கள் ஓட, மேசையில் தலைசாய்த்துத் தூங்குபவர்கள் தூங்க, நாலைந்து பேர் நோட்டோடு என்னிடம் வந்து வரிசையில் நிற்பார்கள். கேட்பதெல்லாம் உருப்படியான கேள்விகள். "மின்புலத்தின் வேலை பாதையைச் சார்ந்ததில்லை என்றீர்கள், மூடிய பாதையில் போனால்?" இதை வகுப்பிலேயே கேட்டிருந்தால் அத்தனை பேருக்கும் பயன்பட்டிருக்கும். ஆனால் அவர்களிடம் பேசிப் பார்த்தால் நியாயம் புரிகிறது. வகுப்பு நேரம் எல்லோருக்கும் பொது, என் சந்தேகத்துக்காக மற்றவர் நேரத்தை ஏன் எடுக்க வேண்டும் என்பது ஒன்று. தப்பாகச் சொல்லிவிட்டால் அத்தனை பேர் முன்னால் தலைகுனிவு என்பது இன்னொன்று.

அடுத்து நடைக்கூடம். ஆசிரியர் அறைக்கு வெளியே சுவரோரமாகச் சின்ன மேசைகளும் ஸ்டூல்களும் போட்டிருப்பார்கள். "தாயி" என்று சொல்கிறார்கள், சந்தேகம் தீர்க்கும் நேரம். மாலை உணவு முடிந்து ஏழு மணி வாக்கில் தொடங்கும் சுயபடிப்பு ஒன்பதரை, பத்து வரை போகும். அந்த நேரத்தில் நடைக்கூடத்தைப் பார்த்தால் இதுவா அந்த மௌனமான பள்ளி என்று இருக்கும். கணித ஆசிரியர் ஒரு பக்கம், வேதியியல் ஆசிரியை ஒரு பக்கம், ஒவ்வொருவரைச் சுற்றியும் கூட்டம். பிள்ளைகள் மறுத்துப் பேசுகிறார்கள், ஆசிரியர் கையிலிருந்து பேனாவை வாங்கி வரைந்து காட்டுகிறார்கள். சர்வதேசப் பிரிவு என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு ஜூன் 7-இல் தொடங்கும் காவ்காவ் என்ற தேசிய நுழைவுத் தேர்வு கிடையாது. ஆனால் பள்ளியின் நேர அட்டவணை அந்தத் தேர்வைச் சுற்றித்தான் ஓடுகிறது, எங்கள் பிள்ளைகளும் அதில்தான் வாழ்கிறார்கள். வெளிநாட்டு ஆசிரியருக்கு ஒப்பந்தப்படி மாலை வேலை இருக்காது. நான் வாரத்தில் சில நாள் போய் உட்காருகிறேன். வகுப்பில் ஒரு வார்த்தை பேசாத பையன் அங்கே என்னோடு அரைமணி நேரம் வாதாடுவான்.

இந்த ஏற்பாட்டை எனக்குச் சொல்லித் தந்தவர் வகுப்பின் பான்ஜூரென். நம் ஊர் வகுப்பாசிரியர் என்று சொன்னால் பாதிகூட ஆகாது. காலை வாசிப்பு தொடங்கும் முன்னால் வந்துவிடுவார். கைபேசிகளை வாங்கி, சுவரில் தொங்கும் எண் போட்ட துணிப் பைகளில் போடுவதிலிருந்து, யார் சாப்பிடவில்லை, யார் வீட்டில் பிரச்சினை, யார் யாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்பது வரை அவருக்குத் தெரியும். பெற்றோரின் வீசாட் (இங்கத்திய வாட்ஸ்அப்) குழுவில் இரவு பதினொரு மணிக்கும் பதில் போட்டுக்கொண்டிருப்பார். என் பாடவேளையில் ஒரு பையன் தொடர்ந்து தூங்கினான். எழுப்ப நினைத்தபோது சுற்றியிருந்தவர்கள் வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார்கள். பான்ஜூரெனிடம் கேட்டேன். பெற்றோர் இருவரும் வேறு மாகாணத்தில் வேலை, பாட்டியோடு இருக்கிறான், பாட்டி மருத்துவமனையில், இரவு அங்கே படுத்துவிட்டுக் காலையில் நேராகப் பள்ளிக்கு வருகிறான் என்றார். பிறகு நாங்கள் இருவரும் பேசி, அவனுக்கு மட்டும் மதியத் தூக்க நேரத்தை நீட்டினோம். விட்டுப்போன பாடத்தை நடைக்கூடத்தில் நடத்தினேன். புதிதாக வருகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: பான்ஜூரெனோடு தினமும் இரண்டு நிமிடமாவது பேசுங்கள். மொழி வராவிட்டால் கைபேசி மொழிபெயர்ப்பு போதும்.

செப்டம்பர் 10 இங்கே ஆசிரியர் தினம், 1985-லிருந்து கொண்டாடுகிறார்கள். அன்று வந்த வாழ்த்து அட்டைகளில் ஒன்றில், பூப்படத்துக்கும் நன்றிக்கும் கீழே, சின்ன எழுத்தில் ஒரு சந்தேகம்: செயற்கைக்கோள் உராய்வால் ஆற்றலை இழந்தால் வேகம் கூடுகிறது என்கிறீர்களே, எப்படி? அடுத்த நாள் பாடத்தையே அதிலிருந்து தொடங்கினேன், யார் கேட்டது என்று சொல்லாமல்.

வெளியே வந்தால் கதை தலைகீழ். செங்டுக்காரர்கள் கேள்வி கேட்பதில் நம் ஊர்க்காரர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. என் குடியிருப்பின் லிஃப்டில் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். "தம்பி எந்த நாடு? சம்பளம் எவ்வளவு? கல்யாணம் ஆயிற்றா? அம்மா அப்பாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" பதினெட்டாவது மாடி வருவதற்குள் அத்தனையும் முடிந்துவிடும். இந்தியா என்றதும் "தாங் செங் போன ஊர்!" என்பார்கள். தாங் செங் என்றால் புத்த நூல்களைத் தேடி மேற்கே போன துறவி, நாம் பாடப்புத்தகத்தில் படித்த யுவான் சுவாங். அவர் 622-இல் முழுத் துறவு பூண்டது இதே செங்டுவில். பிறகு இந்தியா முழுக்கச் சுற்றிக் காஞ்சிபுரம் வரை வந்து அந்த ஊரைப் பற்றி எழுதியும் வைத்தார். காஞ்சி என் ஊரிலிருந்து ஒரு இரவுப் பயணம்தான் என்று சொன்னபோது ஒரு பாட்டி லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு மற்றவர்களிடம் அதைத் திரும்பச் சொன்னார். இந்த ஊரின் பேச்சு வழக்கு பாடப்புத்தகச் சீனத்திலிருந்து நிறையவே மாறும், பாதி புரியாது. ஆனாலும் என் சீனம் வளர்ந்தது அந்த லிஃப்டில்தான்.

சாப்பாடு பற்றி எல்லோரும் கேட்பார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். முட்டை சாப்பிடுவேன், மாமிசம் கிடையாது. காய்கறிப் பொரியலிலும் கொத்திய பன்றி இறைச்சி தூவியிருக்கும், மாப்போ தோஃபு என்ற சோயாப் பன்னீர்க் குழம்பிலும் இருக்கும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறும் ஆயி, அதாவது அத்தை, என்னைப் பார்த்ததும் தக்காளி முட்டைத் தட்டுக்குக் கையை நீட்டிவிடுவார். வென்ஷு மடத்தில் சைவ உணவகம் இருக்கிறது. பருப்பும் கடுகும் டாவ்பாவ் என்ற இணையக் கடைச் செயலியில் வரும். காரம் நமக்குப் பழக்கம், நாக்கை மரத்துப்போகச் செய்யும் ஹுவாஜியாவ் மிளகுக்குப் பழகத்தான் கொஞ்ச நாள் ஆகும்.

குளிர்காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் வகுப்பு முதன்முறையாக வாய்விட்டுப் பேசியது ஒரு ஜனவரி நாளில். சீனாவில் நகரம் முழுவதற்குமான வெப்பக் குழாய் ஏற்பாடு சின்லிங் மலைத்தொடருக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கேதான். செங்டு அந்தக் கோட்டுக்குத் தெற்கே. வெப்பநிலை ஐந்தாறு டிகிரிதான், ஆனால் ஈரம் எலும்பில் ஏறும். காற்று வரட்டும் என்று சன்னல்களைத் திறந்தே வைப்பார்கள். பிள்ளைகள் சீருடைக்கு மேல் பஞ்சுக் கோட்டோடு உட்கார்ந்து எழுதுவார்கள். அன்று நான் கையைத் தேய்த்துக்கொண்டே எழுதுவதைப் பார்த்து, முன் வரிசைப் பெண் ஒரு சின்னப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தாள். நுவான்பாவ்பாவ். சட்டைக்கு வெளியே ஒட்டிக்கொள்ளும் வெப்ப ஒட்டு. பிரித்த கொஞ்ச நேரத்தில் சூடாகத் தொடங்கும்.

நடத்த வேண்டிய பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: பொட்டலத்துக்குள் இருந்தபோது ஏன் சூடாகவில்லை? ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் பலகை கொடுத்திருந்தேன். விடையை எழுதி எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். யாரும் தனியாக நிற்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பது இரும்புத்தூள், உப்பு, ஈரம், கரித்தூள். காற்றுப் பட்டதும் துருப்பிடிக்கிறது, துருப்பிடிப்பது வெப்பம் தரும் வினை. பல பலகைகளில் ஆக்சிஜன் என்று இருந்தது. சரி, எவ்வளவு வெப்பம்? ஒரு கிராம் இரும்பு முழுதும் ஆக்சைடு ஆனால் ஏறக்குறைய 7 கிலோஜூல். உள்ளே 20 கிராம் இருப்பதாக வைத்தால் 150 கிலோஜூலுக்குப் பக்கம். அட்டையில் 12 மணி நேரம் என்று போட்டிருந்தது. வகுத்தால் மூன்றரை வாட்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், கை தூக்காமல், அனுமதி கேட்காமல்: "மூன்றரை வாட்டா? அப்படியானால் ஏன் தோல் சுடுகிறது?" இன்னொருவன் திரும்பி, பரப்பு சின்னது, மேலே கோட்டு மூடியிருக்கிறது, வெப்பம் எங்கே போகும் என்றான். வேதியியலில் கெட்டிக்காரி ஒருத்தி, பன்னிரண்டு மணி நேரமும் ஒரே வேகத்தில் வினை நடக்கும் என்று யார் சொன்னது, உறையின் துளைகள்தான் ஆக்சிஜனைக் கட்டுப்படுத்துகின்றன என்று எழுந்தாள். பாதி சீனம், பாதி ஆங்கிலம். நான் கரும்பலகையை விட்டு ஒதுங்கி நின்றேன். இசை வந்த பிறகும் யாரும் எழவில்லை, அடுத்த பாடவேளை ஆசிரியர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மகிழ்ச்சி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லா வகுப்பும் அப்படி ஆகிவிடவில்லை. செய்முறை வகுப்பு இன்னும் கடினம். ஏ லெவலில் அளவீட்டின் நிச்சயமின்மையைச் சொல்லச் சொல்வார்கள். ஊசல் ஆடும் நேரத்தை நிறுத்துகடிகாரத்தில் எடுத்தாய், அதில் எவ்வளவு பிழை இருக்கலாம்? கணக்கில் என்னைவிட வேகமான பிள்ளைகள் இங்கே தயங்குகிறார்கள். "சரியான விடை எது லாவ்ஷி?" என்பார்கள். உன் கை எவ்வளவு தாமதமாக அழுத்துகிறது என்று நீதானே சொல்ல வேண்டும், அதைக் காரணத்தோடு சொன்னால் அதுவே விடை என்பேன். நம்பிக்கையில்லாமல் பார்ப்பார்கள். இப்போது ஒவ்வொருவரும் பத்து முறை அழுத்திப் பார்த்து, தங்கள் எண்களை வரைபடத்தில் போடுகிறார்கள். அந்தச் சிதறலைக் கண்ணால் பார்த்தபின் கொஞ்சம் இளகுகிறது.

வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு இரண்டு நடைமுறை விஷயங்கள். ஆங்கில மொழி ஆசிரியர் பணிக்குப் பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியான நாடுகளின் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு வழி பாட ஆசிரியர் வேலை; பட்டமும் இரண்டு ஆண்டு அனுபவமும், சான்றொப்பம் பெற்ற சான்றிதழ்களும் வேண்டும். இசட் என்ற வேலை விசாவில் வந்து, 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தங்குமிடத்தைப் பதிந்து, 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா விசாவிலோ மாணவர் விசாவிலோ வந்து நடத்தலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவர்களை நம்பவே நம்பாதீர்கள். அனுமதியில்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், கடுமையானால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சி நிலையங்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோது அங்கே இருந்த வெளிநாட்டவர் பலர் வேலை இழந்தார்கள். ஆகவே பள்ளி வேலையே பாதுகாப்பு. அப்புறம் நீண்ட விடுமுறைக்கு ஈடாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாழக்கிழமை அட்டவணையில் ஓடும், அறிவிப்பு முதல் நாள் இரவு வீசாட்டில் வரும். அதற்குப் பழகிக்கொள்ளுங்கள்.

இப்போது என் கவலை நேர்முகத் தேர்வு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, தெரியாத கணக்கைக் கொடுத்து, யோசிப்பதைச் சத்தமாகச் சொல் என்பார்கள். சரியாகத் தெரியும் வரை வாய் திறக்காத பழக்கம் அங்கே பிள்ளைகளைக் கைவிடுகிறது. அதனால் மாலைச் சாப்பாட்டுக்கும் சுயபடிப்புக்கும் நடுவே மைதானத்து ஓட்டப்பாதையில் இருவர் இருவராக நடக்கவிடுகிறேன். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் நடந்துகொண்டே யோசனையைச் சொல்ல வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதால் நன்றாகப் பேசுகிறார்கள். ஆனால் திரைக்கு முன் உட்கார்ந்தால் மறுபடி தயக்கம் வருகிறது, அதை இன்னும் முழுதாகக் கடக்கவில்லை. நான்சிங், ஷென்சென், சீஆன் பக்கம் நடத்துபவர்கள் யாராவது இதற்கு வேறு வழி வைத்திருந்தால் எழுதுங்கள். வரும் இலையுதிர்கால நேர்முகங்களுக்கு முன்னால் முயன்று பார்க்க எனக்கு நேரம் இருக்கிறது.