தெருவுல இருக்கற பசங்களோட உங்க அனுபவம் என்ன? என்னோடது இது

எங்க சர்ச் குரூப்ல ராத்திரி ரவுண்ட்ஸ் போவோம், பாலத்துக்கு அடியில, பஸ் ஸ்டாண்ட் ஓரத்துல படுத்திருக்கற பசங்கள பாக்க. புதுசா சேர்ற வாலண்டியர் எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், ஏன் இவங்கள நேரா ஹோம்ல கொண்டுபோய் விட மாட்டேங்கறீங்கன்னு. அது அவ்ளோ ஈஸின்னா நாங்க ஏங்க தூக்கத்த கெடுத்துக்கிட்டு சுத்தறோம்.

ஒரு பையன், பத்து வயசு இருக்கும். பேரு கேட்டா தடவைக்கு ஒரு பேரு சொல்வான். கால்ல சீழ் வச்ச புண்ணு, ஈ மொய்க்குது, ஆனா யாரையும் தொட விட மாட்டான். எங்ககூட வர்ற நர்ஸ் அக்கா ஒரு வார்த்த அட்வைஸ் பண்ணல, தரையில சம்மணம் போட்டு உக்காந்து மருந்து பெட்டிய தொறந்து வச்சாங்க, பஞ்ச நனைச்சு அவன் கையிலயே குடுத்து "நீயே தொடைச்சுக்கோப்பா, எங்க வலிக்குதுன்னு உனக்குத்தான தெரியும்"னாங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு தொடைச்சான், கட்டு மட்டும் அக்கா போட்டாங்க. அதுலேர்ந்து எங்கள பாத்தா ஓட மாட்டான்.

ஆனா ஷெல்டர்னு சொன்னாலே மூஞ்சிய திருப்பிப்பான். காரணம் ரொம்ப நாள் கழிச்சுதான் வெளிய வந்துச்சு, அவனுக்கு ஒரு குட்டி தங்கச்சி, பையனுக்கு ஒரு ஹோம் பொண்ணுக்கு ஒரு ஹோம்னு பிரிச்சுருவாங்கன்னு யாரோ சொல்லிருக்காங்க. பொய்யும் இல்லயே அது! ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுக்கற இடமா தேடிப் புடிச்சப்பறம்தான் வந்தாங்க, அதுவும் மொதல்ல பகல்ல மட்டும். 2017-ல ஐநா குழந்தை உரிமைக் குழு தெருவுல இருக்கற பசங்களுக்குன்னே ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு, 21-வது பொதுக் கருத்துன்னு பேரு, அதுலயும் பசங்கள கூட்டமா அள்ளிட்டு போறது தப்பு, அவங்க பேச்ச கேட்டுதான் எதையும் செய்யணும்னுதான் இருக்கு.

---

போஸ்ட் போட்ட அக்கா சொல்றது நெஜம். நான் பள்ளிவாசல் குரூப்ல இருக்கேன். நாங்க கத்துக்கிட்டது, புது செருப்பு புது போர்வை குடுத்தா பெரிய பசங்க புடுங்கிருவாங்க, அதனால கொஞ்சம் பழசா ஆனா நல்லதா குடுப்போம். அப்பறம் பசை மோந்துட்டு இருக்கற பசங்கள தொரத்தவே கூடாது ப்ளீஸ். அதுல இருக்கற டொலுயீன் மாதிரி கெமிக்கல் பசியையும் குளிரையும் மறக்க வைக்கும், அதுக்குத்தான் மோக்கறாங்க, அந்த நேரத்துல பயந்து ஓடினா இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். பக்கத்துல அமைதியா நில்லுங்க, தெளிஞ்சப்பறம் பேசிக்கலாம்.

---

பிரேயர் பத்தி யாருமே பேசல, நான் சொல்றேன், கோவப்படாதீங்க. ஜெபம் பண்ணாதான் சாப்பாடுன்னு சொல்ற குரூப் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு வாலு எல்லா மதத்துக்காரங்களோட பிரார்த்தனையும் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தான், யார் பொட்டலத்தோட வந்தாலும் கண்ண மூடிட்டு கடகடன்னு ஒப்பிப்பான் 😄 பசிக்கு பாடம் படிச்சிருக்கான், சாமிக்கு இல்ல.

---

போஸ்ட் போட்டவதான் பேசறேன். பிரேயர் மேட்டர்ல நானும் உங்க கட்சி. சலேசியன் சபைக்காரங்க அடிக்கடி சொல்ற கதை ஒண்ணு இருக்கு, 1841 டிசம்பர்ல இத்தாலியில டூரின்ல, பின்னாடி அந்த சபைய ஆரம்பிச்ச டான் போஸ்கோங்கற பாதிரியார் ஒரு அனாதைப் பையன பாத்தாராம், சர்ச் வேலைக்காரர் அடிச்சு வெரட்டின பையன. திரும்ப கூப்பிட்டு எழுதப் படிக்க தெரியுமா, தெரியாது, பாடத் தெரியுமா, தெரியாது, சரி விசில் அடிக்கத் தெரியுமான்னாராம், பையன் சிரிச்சுட்டான். ஜெபம் சொல்லிக் குடுத்ததெல்லாம் அதுக்கு அப்பறம்தான். எங்க குரூப்லயும் இப்ப இதான் ரூல், பசங்களா கேட்டா மட்டும் ஜெபிப்போம். கேக்கவும் கேக்கறாங்க, அம்மாவுக்காக பண்ணுங்கன்னு, அந்த அம்மா எங்க இருக்காங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

மத்தவங்களும் எழுதுங்க, முக்கியமா பொண்ணுங்கள எப்படி அணுகறீங்கன்னு. அவங்க பகல்ல கண்ணுலயே பட மாட்டேங்கறாங்க.