ஆட்டோ அக்சிடன்ட், நட்டஈடு கேட்டு லோயர் லெட்டர் வந்திருக்கு, ஆராவது உதவுங்க
எங்கட மச்சான் போன மாசம் 12ஆந்திகதி பின்னேரம் மட்டக்களப்பு கல்லடிப் பாலம் தாண்டி ரோட்டோரமா ஆட்டோவ நிப்பாட்டி ஆள் இறக்கிக்கொண்டு இருந்தவர், பின்னால வேகமா வந்த பைக் இடிச்சு, பைக் ஓடி வந்த பொடியனுக்கு கால் முறிஞ்சிட்டு, பாவம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் மச்சான்தான். மறுகா இப்ப 14 நாளைக்குள்ள 8 லட்சம் கட்டட்டாம் எண்டு லோயர் லெட்டர். ஆட்டோட பின் பம்பர் நசுங்கி சிக்னல் லைட் உடைஞ்சு கிடக்கிற படம் போன்ல இருக்கு, நிண்ட வாகனத்துல வந்து இடிச்சா நிண்டவன்ட பிழையா, இது என்ன ஞாயம்?

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்கு, கம்பனிக்கு இன்னும் அறிவிக்கல்ல. பதில் லெட்டர் லோயர் மூலம்தான் அனுப்பணுமா? சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு இப்பிடி விசயத்துக்குப் போனாக்கள் இருந்தா சொல்லுங்க. அண்டைக்கு அந்த இடத்துல நிண்டு பாத்தாக்கள் தயவுசெய்து இன்பொக்ஸ் வாங்க.