புதுப்பிப்பு: அவரை விதையில் எந்தப் பகுதி இல்லாமல் செடி வளராது?

ஊறவைத்த அவரை விதைகளைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியாக நீக்கி ஈரத்தாளில் வைக்கப் போவதாக முன்பு எழுதியிருந்தேன். முடிவுகள் வந்துவிட்டன.

தோல் உரித்தவை நன்றாகவே முளைத்தன. ஆனால் பூஞ்சை முதலில் பிடித்ததும் அவற்றைத்தான். தோல் வளர்ச்சிக்கு அல்ல, காவலுக்கு என்பது கண்கூடு. விதையின் இரு பருப்புப் பாதிகளான வித்திலைகளில் ஒன்றை மட்டும் இழந்தவையும் வளர்ந்தன. தண்டு மெலிந்து, இலை சிறுத்திருந்தது.

முளைத்துச் செடியாகும் பகுதியான கருவை நீக்கிய வித்திலைகள் உப்பின, பிறகு அழுகின. அவ்வளவுதான். அத்தனை மாவுச்சத்தும் புரதமும் இருந்தும் வளர அங்கே எதுவும் இல்லை.

என்னை உலுக்கியது தனிக் கருதான். இரண்டு வித்திலைகளுக்கிடையே ஒட்டியிருக்கும் அந்தச் சிறு வெண்துணுக்கில் முளைவேர் சற்றே நீண்டு வளைந்தது. மேலே மடிந்திருந்த இரு குட்டி இலைகள் விரியத் தொடங்கின. பிறகு நின்றுவிட்டது. உயிர் இருந்தது, உணவு இல்லை.

அப்படியானால் உணவை வெளியிலிருந்து கொடுத்தால் வளருமா என்று கேட்டிருந்தீர்கள். அருமையான கேள்வி. வளரும். 1904-இல் ஹானிக் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் முள்ளங்கிக் குடும்பச் செடிகளின் கருக்களைப் பிரித்தெடுத்து, சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த ஊடகத்தில் வளர்த்துக் காட்டினார். ஆக, கருவுக்கு மாற்று கிடையாது, வித்திலைக்கு உண்டு.

அடுத்து மக்காச்சோளம். அதில் உணவுச் சேமிப்பு வித்திலையில் இல்லை, கருவை ஒட்டியுள்ள உணவுத் திசுவான முளைசூழ்தசையில் இருக்கிறது. அதைப் பாதியாக வெட்டிப் பார்க்கப் போகிறேன்.